ஈரமணல் யாருக்குச் சொந்தம்?

இந்த எபிசோடை ஒரு போர்டுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸ்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்போ, ஒரு ஞாயித்துக்கிழமை மலிபு பக்கம் கார்ல கிளம்பினோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடல். ஆனா கடல் கண்ணுல படவே இல்ல. வரிசையா வீடு, கராஜ், மதில். கொஞ்சம் இடம் இருந்த ஒரு இடத்துல 'நோ பார்க்கிங்'னு போர்டு. மாமா சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "இதெல்லாம் கவர்மென்ட் வெச்ச போர்டுன்னு நெனச்சியா? இங்க பாதி போர்டு டூப்பு."

அவர் விளையாட்டுக்குச் சொல்றார்னுதான் நெனச்சேன். அப்புறம் தேடிப் படிச்சா, மலிபுல போலி போர்டு, கராஜே இல்லாத இடத்துல போலி கராஜ் கதவு, இதெல்லாம் பல வருஷமா நடக்குற சண்டையாம். பின்னாடி இருக்குற மணல் பொதுமக்களுக்குச் சொந்தம். அதுக்குப் போற வழியைத்தான் மறைக்கிறாங்க.

எப்படிச் சொந்தம்? இந்த யோசனை ரொம்பப் பழசு. ஆறாம் நூற்றாண்டுல ஜஸ்டினியன் காலத்து ரோமானியச் சட்டமே காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை எல்லாம் எல்லாருக்கும் பொதுன்னு சொல்லிடுச்சு. அது இங்கிலாந்து வழியா அமெரிக்காவுக்குப் போனப்போ 'பப்ளிக் ட்ரஸ்ட்'னு பேர் வந்தது. நம்ம ஊர் கோயில் நிலத்தை நெனச்சுப் பாருங்க. தர்மகர்த்தா அதைப் பராமரிக்கலாம், குத்தகைக்கு விடலாம். ஆனா அது அவர் சொத்து இல்ல. ஓதம் ஏறி இறங்குற நிலத்துக்கு அரசாங்கம் அந்த மாதிரி ஒரு தர்மகர்த்தா. நிலம் மக்களுடையது.

தர்மகர்த்தாவே தப்புப் பண்ணினா? 1869-ல இல்லினாய்ஸ் சட்டமன்றம், சிகாகோ துறைமுகத்துல ஏரிக்கு அடியில இருந்த 1,000 ஏக்கருக்கு மேலான நிலத்தை ஒரு ரயில்வே கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்துச்சு. நாலு வருஷத்துல மனசு மாறி அதை ரத்து பண்ணுச்சு. கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. 1892-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணினது சரிதான்னு தீர்ப்பு சொன்னது. மக்களுக்காக வெச்சிருக்குற பொறுப்பை அரசாங்கம் இப்படிக் கைகழுவ முடியாதுங்கறதுதான் சாரம்.

கலிஃபோர்னியாவுல இந்த நிலத்தைப் பார்த்துக்கறது 1938-ல உருவான மாநில நில ஆணையம். பல இடங்கள்ல சட்டமன்றம் நிலத்தை நகரங்கள் கையில ஒப்படைச்சிருக்கு. சான் ஃபிரான்சிஸ்கோ, லாங் பீச் துறைமுகங்கள் அப்படித்தான் ஓடுது. அதுக்கு நிபந்தனை உண்டு. துறைமுகம் கட்டலாம், மீன்பிடி இறங்குதளம் கட்டலாம், வர்றவங்களுக்கு ஹோட்டலும் கட்டலாம். தனியார் குடியிருப்பு பொதுவா கூடாது. வர்ற வருமானத்தையும் இஷ்டத்துக்குச் செலவு பண்ண முடியாது. லாங் பீச் கடலுக்கு அடியில எண்ணெய் கிடைச்சப்போ இதே கேள்வி வந்தது. ட்ரஸ்டுக்குத் தேவைப்படாத எண்ணெய்ப் பணம் நகரத்துக்கு இல்ல, மாநிலத்துக்குத்தான்னு 1955-ல மாநில உச்ச நீதிமன்றம் முடிவு பண்ணுச்சு.

சரி, எல்லைக்கோடு எங்க இருக்கு? ஓதம் ஏறி நிக்கிற உயரத்தைச் சுமார் 18.6 வருஷத்துக்கு சராசரி எடுத்து, அந்த மட்டம் கரையைத் தொடுற இடம்தான் கோடு. அதுக்குக் கீழ பொது. மணல்ல யாரும் அந்தக் கோட்டைப் போட்டு வைக்கல. அதனால 'ஈரமணல்ல நடந்தா பிரச்சினை இல்ல'ங்கறது நடைமுறைக் கணக்கு.

ஆனா ஈரமணல் உங்களுடையதா இருந்து என்ன பிரயோஜனம்? அங்க போய்ச் சேர வழி வேணுமே! சட்டத்துல உரிமை இருக்கறது ஒண்ணு, கால் வைக்க ஒரு சந்து இருக்கறது வேற.

அதுக்காகத்தான் 1972-ல மக்கள் ஓட்டுப் போட்டு கடலோர ஆணையம் கொண்டு வந்தாங்க. 1976-ல கடலோரச் சட்டம் அதை நிரந்தரமாக்குச்சு. கடலோரத்துல வீட்டை இடிச்சுக் கட்ட பெர்மிட் கேட்டா, 'பக்கத்துல மக்களுக்கு ஒரு நடைபாதை விடுங்க'ன்னு எழுதி வாங்குவாங்க. ஹாலிவுட் பிரபலம் டேவிட் கெஃபன் 1983-ல அப்படி வாக்குக் கொடுத்தார். கேட் திறந்தது 2005-ல! 22 வருஷம்.

இங்கதான் விஷயமே இருக்கு. இந்த மாதிரி வாக்குகளுக்குப் பெரும்பாலும் 21 வருஷம்தான் ஆயுள். அதுக்குள்ள ஒரு அரசு அமைப்போ தன்னார்வ அமைப்போ 'நாங்க பார்த்துக்கறோம்'னு ஏத்துக்கணும். காலையில கேட் திறக்கணும், குப்பை அள்ளணும், யாராவது விழுந்தா பொறுப்பு எடுக்கணும். பேப்பர்ல மட்டும் இருக்குற பாதையில யாரும் நடக்க முடியாது.

இன்னொரு கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். டெல்லி ஐ.ஐ.டி.யில படிச்ச கோடீஸ்வரர் வினோத் கோஸ்லா, 2008-ல மார்ட்டின்ஸ் பீச்சை ஒட்டின நிலத்தை வாங்கினார். ரெண்டு பக்கமும் பாறை. கீழ இறங்க ஒரே ரோடு, அது அவர் நிலத்து வழியா. கேட் மூடினதும் வழக்கு. 2018-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் மனுவை எடுத்துக்கவே மறுத்துச்சு. 2020-ல ரெண்டு ஆணையங்களும் சேர்ந்து தனியா ஒரு வழக்குப் போட்டாங்க. ஒரு கேட்டுக்கு இவ்வளவு வருஷம்.

அடுத்த ஆபத்து கடல்கிட்டேயே இருக்கு. கடல் மட்டம் உயர உயர அந்தக் கோடு நிலத்துப் பக்கம் நகரும். பின்னாடி வீட்டுக்காரர் தடுப்புச்சுவர் கட்டிட்டா கடற்கரை எங்க நகரும்? சுவருக்கும் அலைக்கும் நடுவுல மாட்டி அது காணாமப் போகும். மக்கள் நடந்த இடம் தண்ணிக்குள்ள போயிடும்.

நமக்கு இதுல என்னன்னு கேட்டீங்கன்னா, நேரடி உறவே இருக்கு. 1996 டிசம்பர்ல, பியாஸ் ஆத்தை ஒரு ஹோட்டலுக்காகத் திருப்பின கமல்நாத் வழக்குல, நம்ம உச்ச நீதிமன்றம் இதே அமெரிக்கத் தீர்ப்புகளை எடுத்துப் பேசி, இந்தியாவுலயும் அரசாங்கம் தர்மகர்த்தாதான்னு சொல்லிடுச்சு. அந்தப் பட்டியல்ல கடற்கரையும் இருக்கு.

அதனால அடுத்த தடவை ஈ.சி.ஆர். பக்கம் போய், யாராவது "இது பிரைவேட் பீச், சார்"னு சொன்னா சண்டைக்குப் போகாதீங்க. உங்க மாவட்டத்துக்கான கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தை எடுத்துப் பாருங்க. அது பொது ஆவணம். உயர் ஓதக் கோடு அதுல போட்டிருக்கும். அப்புறம் அந்தக் கோட்டுக்குப் போற வழி எங்கன்னு தேடுங்க. கட்டுமரம் இழுக்கறவங்களும் வலை காய வைக்கறவங்களும் நடந்து நடந்து போட்ட வழி ஒண்ணு இருக்கும். அது இன்னும் திறந்திருக்கா?

பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.