எண்ணத்தை விசாரியுங்கள், உளைச்சல் குறையும்

வேலையிட மன உளைச்சல் குறித்துத் தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் பேசியதன் எழுத்து வடிவம் இது. திரையில் சிரித்த முகத்தோடு பேசுபவருக்கு உளைச்சல் ஏது என்று நினைப்பீர்கள். முதலில் என் அனுபவத்தையே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நேரலை நிகழ்ச்சியில் சிறப்பு விருந்தினரின் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டேன். அன்றிரவு தயாரிப்பாளரிடமிருந்து ஒரு வரிக் குறுஞ்செய்தி: "நாளைக் காலை என்னை வந்து பாருங்கள்." அவ்வளவுதான், நெஞ்சு படபடத்தது. 'என்னை நிகழ்ச்சியிலிருந்து நீக்கப் போகிறார்கள்' என்று முடிவே கட்டிவிட்டேன். விடிய விடியத் தூக்கமில்லை. காலையில் பசியாறவும் மனமில்லை. போய்ப் பார்த்தால், "பெயர்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சியைப் பற்றித்தான் பேசினார்!

என் தூக்கத்தைக் கெடுத்தது அந்தக் குறுஞ்செய்தியா? இல்லை. அதற்கு நானே எழுதிக்கொண்ட பொழிப்புரை.

அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக் 1960களில் இதையே தம் நோயாளிகளிடம் கவனித்தார். ஒரு சம்பவத்துக்கும் அதனால் வரும் வேதனைக்கும் நடுவில், நொடிப்பொழுதில் ஓர் எண்ணம் தானாக எழுகிறது. அதை நாம் சோதிக்காமலேயே நம்பிவிடுகிறோம். அந்த எண்ணத்தைப் பிடித்து விசாரிக்கக் கற்றுத் தருவதே 'சிபிடி' எனப்படும் சிந்தனை நடத்தைச் சிகிச்சை. 2021இல் தமது 100ஆம் வயதில் மறைந்த பெக், இதன் முன்னோடிகளில் ஒருவர்.

ஒரு தாளை எடுத்து இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள்.

1. நடந்தது என்ன? கேமராவில் பதிவாகக்கூடியதை மட்டும் எழுதுங்கள். 'மேலாளர் என்னை அவமதித்தார்' என்பது உங்கள் கருத்து. 'வணக்கம் சொன்னேன், அவர் பதில் சொல்லவில்லை' என்பதே நடந்தது.

2. மனத்தில் எழுந்த எண்ணம் என்ன? அதை எத்தனை விழுக்காடு நம்புகிறீர்கள்?

3. அதற்கு ஆதாரம் என்ன? எதிரான ஆதாரம் என்ன? இரண்டையும் எழுதுங்கள்.

4. வேறு விளக்கம் இருக்க முடியுமா? இப்போது அந்த எண்ணத்தை எத்தனை விழுக்காடு நம்புகிறீர்கள்?

எழுதும்போது சில பழக்கங்கள் பிடிபடும். பிறர் மனத்தில் இருப்பதை நாமே ஊகிப்பது, சிறு பிழையைப் பூதாகரமாக்குவது, 'ஒன்று முழு வெற்றி, இல்லையேல் படுதோல்வி' என்று அளப்பது ஆகியவையே அவை.

சிகிச்சையின் பெயரில் 'நடத்தை'யும் இருக்கிறதல்லவா? திட்டு விழுமோ என்று மின்னஞ்சலைத் திறக்காமல் தள்ளிப்போட்டால், அந்த நேரத்துக்கு நிம்மதிதான். ஆனால் பயம் வளர்ந்துகொண்டே போகும். திறந்து பாருங்கள். சந்தேகமிருந்தால் நேரில் கேளுங்கள். பயந்தது நடந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நேயர் ஒருவர் கேட்டார்: "விசாரித்த பிறகும் என் எண்ணம் உண்மையாக இருந்தால்?" நல்ல கேள்வி. மூவர் வேலையை ஒருவர் தலையில் கட்டினால், அந்த உளைச்சலுக்குக் காரணம் உங்கள் எண்ணம் அன்று, வேலைச்சுமை. அநியாயத்தைச் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்ள சிபிடி சொல்லவில்லை. அங்கே செய்ய வேண்டியது, பிரச்சினையை எழுத்தில் மேலிடத்துக்குக் கொண்டுபோவதுதான். மலேசிய வேலைச் சட்டத்தின்கீழ் வாராந்தர வழக்கமான வேலை நேரத்தின் வரம்பு, 2023 ஜனவரி 1 முதல் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்திருப்பதும் நினைவில் இருக்கட்டும்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் தாளும் பேனாவும் போதா. மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ நாடுங்கள். சுகாதார அமைச்சின் 'ஹீல்' உதவி எண் 15555. உதவி கேட்பது பலவீனமன்று.

எனக்கு இன்றும் அப்படிப்பட்ட குறுஞ்செய்திகள் வருகின்றன. நெஞ்சும் படபடக்கிறது. ஆனால் இப்போது, "எது பற்றி என்று சொல்ல முடியுமா?" என்று பதில் அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறேன். நீங்களும் முயன்று பாருங்களேன்!