படகு ஏன் கவிழ்கிறது: சுண்ணாம்பாற்று உலாவுக்கு முன் அறிய வேண்டியவை

நெல்லித்தோப்பிலிருந்து மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் வழியாகக் கடலூர் சாலையில் தெற்கே செல்வோர் நோணாங்குப்பத்தில் காணும் சுண்ணாம்பாறு, செஞ்சி ஆறு என்றும் வராக நதி என்றும் வழங்கப்படும் சங்கராபரணியின் ஒரு கிளை. கடலை நெருங்கும் இடமாதலால் அது அங்கே வேகமிழந்து, உவர்நீர் கலந்து, காயல் போலப் பரந்து கிடக்கிறது. புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு குழாம் இயங்குவதும், முகத்துவாரத்தை ஒட்டிய பாரடைஸ் பீச் மணல்திட்டுக்கு விடுமுறை நாள்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் படகேறுவதும் இங்கிருந்துதான். அலையில்லாத நீரில் ஆபத்தும் இல்லை என்ற எண்ணம் பலருக்கு இயல்பாகவே எழுகிறது. ஆனால் இந்தியாவில் உல்லாசப் படகுகள் பறித்த உயிர்களின் கணக்கு அதற்கு நேர்மாறானது.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி அணைத்தேக்கத்தில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்ததில் 22 பேரும், 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூர் கழிமுகத்தில் மீன்பிடிப் படகை உருமாற்றிச் செய்த சுற்றுலாப் படகு கவிழ்ந்ததில் 22 பேரும் மாண்டனர். 2024 ஜனவரி 18 அன்று வதோதரா நகருக்குள்ளேயே உள்ள ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் உயிரிழந்தனர். இவற்றில் எதற்கும் புயல் காரணமன்று. எத்தனை பேர் ஏறினார்கள், எங்கே அமர்ந்தார்கள், எதை அணிந்திருந்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்குத் துறையில் நிற்கும்போதே கிடைத்துவிட்ட விடைகள்தாம் பிறகு நீரின் நடுவே வெளிப்பட்டன.

படகின் நிலைப்பை முதன்முதலில் கணித முறைப்படி விளக்கியவர்களுள் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் பியேர் புகேர் என்பது புதுச்சேரி வாசகர்க்குச் சுவை தரக்கூடிய செய்தி. துய்ப்ளே இங்கே ஆளுநராக இருந்த 1746ஆம் ஆண்டில்தான் அவருடைய கப்பற்கலை நூல் வெளிவந்தது. படகு, ஆள், சுமை ஆகிய அனைத்தின் எடையும் குவிந்து கீழ்நோக்கி இழுப்பதாகக் கருதப்படும் புள்ளி ஈர்ப்பு மையம்; நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை செயல்படும் புள்ளி மிதப்பு மையம். படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்தில் மூழ்கும் பகுதி கூடுவதால் மிதப்பு மையமும் அப்பக்கமே நகர்கிறது. அங்கிருந்து நேர்மேலே வரையும் கோடு படகின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று புகேர் பெயரிட்டார். இப்புள்ளி ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருக்கும்வரை சாய்ந்த படகு தானே நிமிரும். கீழே போய்விட்டால் நீரே அதைப் புரட்டிவிடும்.

இருக்கையில் இருந்தவர் எழுந்து நின்றால் அவர் உடலின் ஈர்ப்பு மையம் ஒரு சாணுக்கும் மேல் உயர்கிறது. ஒருவர் எழுவதைப் படகு தாங்கும். ஆனால் 60 கிலோ எடையுள்ள பத்துப் பேரின் 600 கிலோ, சிறு படகொன்றின் சொந்த எடையையே விஞ்சக்கூடும் என்பதால், அப்பத்துப் பேரும் செல்ஃபிக்காகவோ பறவையைப் பார்ப்பதற்காகவோ ஒரே நேரத்தில் எழுந்து ஒரே ஓரத்துக்குப் போகும்போது மையம் உயர்வதும் பக்கவாட்டில் விலகுவதும் சேர்ந்தே நிகழ்கின்றன. விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதே தேக்கடி விபத்துக்கும் காரணமாகச் சொல்லப்பட்டது. மேல்தளம் உள்ள படகில் இந்த ஆபத்து பன்மடங்கு.

படகின் அடியில் தேங்கும் நீரும் இதே வகையான எதிரிதான். குடத்து நீரைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்குத் தடுமாற்றமில்லை; அதே நீரைத் தாம்பாளத்தில் ஏந்தினால் சற்றே சாய்ந்தாலும் முழுவதும் ஒரு பக்கம் ஓடி விளிம்பைத் தாண்டுகிறது. அகலமான படகின் தரையில் கணுக்கால் அளவு நீர் நின்றாலும் சாய்கிற பக்கத்துக்கே அது ஓடிச் சாய்வை வளர்க்கும். ஆதலால் அடியில் நீர் தளும்பும் படகில், அது எவ்வளவு அழகாக வண்ணம் பூசப்பட்டிருந்தாலும், ஏறாமல் இருப்பதே நல்லது. 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரப் படகுகளுக்குப் பதிவையும் ஆய்வுச் சான்றையும் கட்டாயமாக்கியுள்ளது. ஏற்றத்தக்க ஆள் எண்ணிக்கை அத்தகைய ஆய்வில் தீர்மானிக்கப்படுவது, அதைக் கேட்டறிவது பயணியின் உரிமை. மடியில் இருக்கும் குழந்தையையும் ஓர் ஆளாகவே எண்ணிக்கொள்வது நல்லது.

லைஃப் ஜாக்கெட் எனப்படும் மிதவை அங்கி நம் ஊரில் பெரும்பாலும் தோளில் தொங்கும் அலங்காரமாகவே இருக்கிறது. 50 நியூட்டன் மிதப்பு விசை கொண்ட அங்கி ஏறத்தாழ 5 கிலோ எடையைத் தாங்கவல்லது; இது நீந்தத் தெரிந்தவருக்கு உதவுவதற்கு மட்டுமே உரியது. 100 நியூட்டனும் அதற்கு மேலும் உள்ளவையே கழுத்துப் பட்டையின் துணையால் முகத்தை நீருக்கு மேலே திருப்பி வைக்கும் நோக்கில் செய்யப்படுபவை. எதுவாயினும், முன்பக்கக் கிளிப்புகளை மாட்டி வாரை இறுக்கிய பின் மற்றொருவர் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கி காது வரை ஏறினால் நீரிலும் அப்படியே ஏறி, ஆளைக் கீழே நழுவவிட்டுத் தான் மட்டும் மிதக்கும். குழந்தைகளுக்கு அவர்கள் எடைக்கு ஏற்ற அளவும், கால்களுக்கிடையே செல்லும் வாரும் தேவை. நீரில் விழுந்த பிறகு அணிந்துகொள்ளலாம் என்பது வீண் எண்ணம். அதிலும், நனைந்த சேலையோ துப்பட்டாவோ நீருக்குள் பாரமாக இழுப்பதைவிடக் காலைச் சுற்றிக்கொள்வதாலேயே கேடு செய்கிறது.

காலமும் கருதத்தக்கது. வடகிழக்குப் பருவமழையில் வீடூர் அணை நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டால் சங்கராபரணியின் அமைதி சில மணி நேரத்தில் மாறிவிடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் கரையோர ஊர்கள் அதைக் கண்டன. ஆற்று வெள்ளமும் கடலலையும் மோதும் முகத்துவாரத்துக்கு அருகே நீரோட்டத்தின் போக்கைக் கணிப்பது எளிதன்று. தானூர் விபத்து கதிரவன் மறைந்த பின் நிகழ்ந்தது. இருளில் மீட்போர் கண்ணுக்கு ஆட்கள் தென்படுவதில்லை.

படகு கவிழ்ந்தே விட்டால், மரமோ ஃபைபரோ ஆன சிறு படகுகள் பெரும்பாலும் முழுகிவிடாமல் குப்புற மிதக்கும் என்பதால், அதன் அடிப்பாகத்தைப் பற்றிக்கொண்டு கிடப்பதே வழி. நீர்மட்டத்தில் தலை வைத்திருப்பவரின் கண்ணுக்குக் கரை உள்ளதைவிட அருகில் தெரியும். அதை நம்பி நீந்தத் தொடங்குபவர் பாதியில் களைத்துப்போவார். தேடி வருவோருக்கோ தனித்த ஒரு தலையைவிடக் கவிழ்ந்த படகின் முதுகே முதலில் கண்ணில் படும்.