சினத்தை அடக்குதலும் அதனைக் கடத்தலும்

மின்தடை, நேரத்திற்கு வராத பேருந்து, வந்தவரை மறுநாள் வரச் சொல்லும் அலுவலர், பன்முறை விளக்கியும் பாடத்தை உணராத மாணவர் என நம் பொறுமையைக் குலைப்பவை பெரும்பாலும் இத்தகைய சிறு நிகழ்ச்சிகளே. பெருந்துன்பம் நேர்ந்தால் அதனை இறைவனின் சோதனையெனத் தாங்கிக்கொள்கிறோம். சிறு தொல்லையிலோ எதிரே நிற்கும் மனிதரை மட்டுமே காண்கிறோம், இறைவனை மறந்துவிடுகிறோம்.

இதற்கு மருந்தாக இக்காலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' எனும் விழிப்புணர்வுப் பயிற்சி பரவலாகப் பேசப்படுகிறது. 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் தொடங்கிய பயிற்சி அதனை மருத்துவ உலகிற்குக் கொண்டு சென்றது. மூச்சையும் மனத்தில் எழும் உணர்ச்சியையும் உடனே தீர்ப்புக் கூறாமல் உற்றுக் கவனிப்பதே அதன் சாரம். அதன் வேர் பௌத்தத்தில் உள்ளது. அங்கு இதனைக் குறிக்கும் 'சதி' எனும் பாலிச் சொல்லின் மூலப்பொருள் நினைவு என்பதாகும். நம்முடைய 'திக்ரு' எனும் அரபுச் சொல்லும் நினைவையே குறிக்கும்.

எனினும் இரண்டும் ஒன்றல்ல. தன் உள்ளத்தைத் தானே கவனிக்கும் பயிற்சியை நம் முன்னோர் 'முராகபா' என்றனர். அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்றான 'ரகீப்' (கண்காணிப்பவன்) என்பதும் இதே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. முராகபாவில் கவனிப்பவர், தாமும் கவனிக்கப்படுகிறோம் என்பதை அறிந்தே தம்மைக் கவனிக்கிறார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058-1111) அவர்கள் இஹ்யா உலூமித்தீனின் 40 நூல்களுள் 38ஆவது நூலை முராகபாவுக்கும், தன்னைத் தானே கணக்கெடுக்கும் முஹாசபாவுக்கும் உரியதாக்கினார்கள்.

சினம் எழும் கணத்திற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழிகளை நாம் அறிவோம். ஷைத்தானை விட்டு இறைவனிடம் பாதுகாவல் தேடுதல், வாய்மூடி இருத்தல், நிற்பவர் அமர்தல், அதிலும் தணியாவிடில் படுத்தல், உளூச் செய்தல் ஆகியவையே அவை. இவற்றை உற்று நோக்கினால் ஒரு பொதுமை புலப்படும். நிற்பவர் கை ஓங்குவதற்கு அணியமாக இருக்கிறார். அமர்ந்தவர் அதிலிருந்து ஒரு படி விலகுகிறார். உளூச் செய்ய எழுந்து செல்பவர், சினமூட்டிய இடத்தை விட்டே அகன்றுவிடுகிறார். ஒவ்வொரு வழியும் தூண்டலுக்கும் செயலுக்கும் இடையே சிறிது காலத்தை உண்டாக்கித் தருகிறது.

ஆயின், இத்துடன் கடமை முடிந்ததா? ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 134ஆம் வசனம் நல்லோரின் பண்புகளைக் கூறுமிடத்துச் சினத்தை மெல்லுதல், மன்னித்தல், நன்மை செய்தல் என மூன்றையும் வரிசைப்படுத்துகிறது. முதலாவதற்கு ஆளப்பட்ட 'கழ்ம்' எனும் சொல், நிறைந்த தோற்பையின் வாயை இறுகக் கட்டுவதையும் குறிப்பதாகும். வாயைக் கட்டியதால் பையிலுள்ளது இல்லாமற் போய்விடுவதில்லை. இஹ்யாவின் 25ஆவது நூலில் இமாமவர்கள் விளக்குவதும் இதுவே. வெளிப்பட வழியின்றி அடக்கப்பட்ட சினம் உள்ளே திரும்பித் தங்கி 'ஹிக்து' எனும் வன்மமாகிறது. அவ்வன்மத்தின் விளைவுகளாக அவர்கள் எண்ணும் எட்டினுள் முகம் கொடாதிருத்தலும், ஒருவருக்குரிய உரிமையைத் தடுத்தலும் அடங்கும்.

இதன் உண்மையை நாம் வகுப்பறையில் உணர்ந்ததுண்டு. ஒரு மாணவர் ஒரே வரியின் இஃராபை மூன்றாம் முறையும் பிழையாகப் படித்தார். நாம் கடிந்துகொள்ளவில்லை, கிதாபை மூடிவிட்டு மௌனமானோம். அதனையே ஹில்ம் எனும் சாந்தகுணம் என்று எண்ணி மனநிறைவும் கொண்டோம். ஆனால் அதன்பின் பல நாட்கள் அவரைப் படிக்க அழைக்கவில்லை. அவரும் ஐயம் கேட்பதை நிறுத்திவிட்டார். பின்னர் வேறொரு வகுப்பிற்கு இஹ்யாவின் அப்பகுதியை நடத்துகையில்தான் நம் மௌனத்தின் பெயர் நமக்குத் தெரிந்தது. மறுநாள் அவரை அழைத்து அருகில் அமர்த்திப் படிக்கச் செய்தோம். நஹ்வின் தொடக்கப் பாடம் ஒன்று அவருக்கு விளங்காமலே கடந்து போயிருந்தது. சில நாட்களில் சரிசெய்யத்தக்க அக்குறையை நம் 'பொறுமை' நீடிக்கச் செய்திருந்தது.

ஆகவே, சினத்தை அடக்கிய அன்றிரவே முஹாசபா தேவைப்படுகிறது. இன்று யார் மீது சினம் கொண்டோம், அது நீங்கிற்றா, அன்றி அவரைக் கண்டதும் முகம் மாறும் அளவிற்கு உள்ளே எஞ்சியிருக்கிறதா, அவருக்குரிய எதனையேனும் நிறுத்தி வைத்தோமா என நம்மையே வினவுதல் வேண்டும். எஞ்சியிருப்பின் மன்னிப்பும், அதற்கும் மேலாக அவருக்குச் செய்யும் ஒரு நன்மையுமே அதனைக் கரைக்கும்.

சினமே அற்றுப்போவது இதன் நோக்கமன்று. சினம் வரம்பு கடத்தலைப் போலவே அது முற்றிலும் இல்லாமையும் குறையென்பதே இமாமவர்களின் கருத்து. நபி (ஸல்) அவர்கள் தமக்காக எவரையும் பழிவாங்கியதில்லை. அல்லாஹ்வின் வரம்புகள் மீறப்பட்டபோதே நடவடிக்கை எடுத்தார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எளியவர் அநீதிக்குள்ளாகும்போது அமைதியாக இருப்பதற்கு முராகபாவைச் சான்று காட்ட இயலாது. நமக்காக எழும் சினம் எது, நீதிக்காக எழும் சினம் எது எனப் பிரித்தறியும் தெளிவையே அப்பயிற்சி தருகிறது. அத்தெளிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.