தாவரவியல் கற்க விரும்புவோர்க்கு



1869ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் கண்டனர். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிச் செய்கை பெரும்பாலும் அழிந்தொழிந்தது. 1880இல் இங்கு வந்த ஹரி மார்ஷல் உவார்ட் என்னும் இளந் தாவரவியலாளர், அப்பொடியாகக் காணப்பட்ட பங்கசு வித்திகள் காற்றிற் பரவுவதை ஆராய்ந்து காட்டினார். அறிவு வந்து சேர்ந்தது. ஆனால் காலந் தாழ்த்தி வந்தது. செடிகொடிகளை ஆராயும் ஆற்றலுடையோர் ஒரு நாட்டில் எப்பொழுதும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அத்தகையோராக வருதற்கு நம் பிள்ளைகளுக்குள்ள வழிகள் யாவை? இதனையே இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதற்படி க.பொ.த. உயர்தரம். உயிரியலையும் இரசாயனவியலையும் கற்று, அவற்றுடன் பௌதிகவியலையோ விவசாய விஞ்ஞானத்தையோ சேர்த்துக்கொள்ளல் பொதுவான வழக்கு. எப்பாடச் சேர்க்கை எக்கற்கை நெறிக்குப் பொருந்தும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூல் தமிழிலும் விளக்குகின்றது. பாடங்களைத் தெரிவுசெய்யுமுன் பெற்றோரும் அதனைப் படித்தல் நன்று.

இவ்விடத்தே ஒன்று சொல்ல வேண்டும். பாடசாலை அதிபராகப் பல்லாண்டு கண்டது இது: உயிரியல் கற்கும் பிள்ளையிடம் வீட்டார் வேண்டுவது வைத்தியப் படிப்பு ஒன்றையே. அது கிட்டாதவிடத்து, விஞ்ஞான பீடத்தைத் தோல்வியின் புகலிடமாகக் கருதிப் பிள்ளை மனஞ்சோர்ந்து செல்கின்றது. சோர்ந்த மனத்தோடு செல்வோன் நுணுக்குக்காட்டியில் எதனைக் காண்பான்? செடியின்பால் இயல்பாகவே நாட்டமுள்ள பிள்ளையை இனங்கண்டு, தாவரவியலையே முதல் விருப்பமாகக் கொள்ளத் துணைபுரிதல் ஆசிரியர் கடனும் பெற்றோர் கடனுமாம்.

பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், களனி, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, உறுகுணை, கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான பீடங்களில் இத்துறை கற்பிக்கப்படுகின்றது. மூன்றாண்டில் பொதுப் பட்டமும், தகுதியுடையோர்க்கு நான்காண்டில் சிறப்புப் பட்டமும் உண்டு. தொழில் புரிந்துகொண்டே கற்க விரும்புவோர்க்குத் திறந்த பல்கலைக்கழகம் உளது. மேற்படிப்புக்குப் பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின் கற்கை நிறுவகம் இயங்குகின்றது. உயர்தரம் வரை தமிழிற் கற்ற மாணவர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திற் கற்க நேரிடும். ஆதலால், பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களை ஆங்கிலப் பயிற்சிக்குச் செலவிடுவோர் பின்னர் இடர்ப்படார்.

பட்டம் ஒன்றே வழியன்று. வவுனியா, குண்டசாலை முதலிய இடங்களிலுள்ள விவசாயப் பாடசாலைகளில் டிப்ளோமா பெற்று, பயிர்களோடு நெருங்கிப் பணியாற்றுவோரும் உளர்.

தொழில் எங்கே என்று வினவுவீர்கள். தலவாக்கலையில் தேயிலைக்கும், அகலவத்தையில் இறப்பருக்கும், லுணுவிலையில் தெங்குக்கும், கைதடியில் பனைக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் உள. கண்ணொறுவையில் பயிர்களின் மரபு வளங்களை விதையாகப் பேணும் நிலையம் உளது. விவசாயத் திணைக்களம், வனத் திணைக்களம், தாவரவியற் பூங்காத் திணைக்களம், ஆசிரியப் பணி என்பனவும் உள. ஆயினும் வெற்றிடங்கள் சிலவே, போட்டியோ பெரிது. வருவாயை மாத்திரம் கருதி வருவோர்க்கு இவ்வழி ஏற்றதன்று.

1821இல் நிறுவப்பட்ட பேராதனைப் பூங்காவிலே உலர்த்திய தாவர மாதிரிகளைப் பேணும் தேசிய சேகரிப்பு ஒன்றுண்டு. துவைற்ஸ், திரைமன் போன்றோர் அங்கிருந்தே இத்தீவின் தாவரங்களை ஆராய்ந்து நூல் செய்தனர். அத்தொழிலின் அரிச்சுவடியைப் பாடசாலை மாணவரும் வீட்டிலே பயிலலாம். வீட்டு வளவிலுள்ள செடியொன்றின் பூவும் இலையுமுள்ள கிளையைப் பழைய பத்திரிகைத் தாள்களிடையே விரித்து, மேலே பாரம் வைத்து, தாள்களை நாடோறும் மாற்றி உலர்த்துக. பின்னர்த் தடித்த தாளில் ஒட்டி, எடுத்த இடம், திகதி, செடியின் உயரம், பூவின் நிறம் ஆகியவற்றை எழுதுக. உலர்ந்தபின் நிறம் மங்கும். ஆகவே அன்றே எழுதுதல் வேண்டும். ஒதுக்கக் காடுகளிலும் சரணாலயங்களிலும் ஒரு கிளையேனும் ஒடித்தலாகாது. சட்டம் அதனைத் தடுக்கின்றது.

நம் நாட்டிலே இயல்பாய் வளரும் பூக்குந் தாவர இனங்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் நாலில் ஒன்றுக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. குருடியா சீலானிகா என்னும் மரம் 2012ஆம் ஆண்டுச் செந்நூலில் அழிந்துவிட்டதென எழுதப்பட்டது. 2019இல் கம்பகா மாவட்டத்திலே அவ்வின மரமொன்று நிற்கக் கண்டனர். 2021இல் நெடுஞ்சாலைப் பணிக்காக அம்மரம் வெட்டப்படவிருந்தபோது, மக்கள் எழுப்பிய குரலால் அது அப்போது தப்பிற்று. அவ்வழியே நாடோறும் சென்றோர் எத்துணையோ பேர். அம்மரம் இன்னதென அறிந்து நோக்கிய கண்ணோ அரிது. அத்தகைய கண்ணைப் பெறுதலே தாவரவியற் கல்வியின் பயன்.

உங்கள் பிள்ளை வேலியோரச் செடியைக் காட்டி, "இதன் பெயர் என்ன?" என்று கேட்டால், "படிக்கப் போ" என்று கடியாதீர்கள். அப்பிள்ளை படித்துக்கொண்டுதான் இருக்கின்றது.