கார் இன்ஜின் சூடாகவே மாட்டேங்குதா? 'நல்லதுதானே' என்று விட்டுவிடாதீர்கள்... காரணம் என்ன? கண்டுபிடிப்பது எப்படி?

கார் ஓட்டும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறினால் எல்லோருக்கும் பதற்றம் வந்துவிடும். உடனே வண்டியை ஓரங்கட்டி பானெட்டைத் திறப்போம். ஆனால் அதே முள், அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் 'சி' என்ற எழுத்தை விட்டு நகரவே இல்லை என்றால்? பெரும்பாலானவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. "இன்ஜின் கூலா இருக்கு, நல்லதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விடுவது தப்பு. இன்ஜின் சூடாகாமல் ஓடினால் மைலேஜ் குறையும், இன்ஜின் ஆயில் கெடும். பிஎஸ்6 டீசல் கார் என்றால் பெரிய செலவே வைத்துவிடும். இதற்கு என்ன காரணம், வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று பார்க்கலாம்.

இன்ஜினுக்கு எவ்வளவு சூடு தேவை?

இன்றைய கார்கள் பலவற்றில், நன்றாக சூடான இன்ஜினின் கூலன்ட் வெப்பநிலை சுமார் 85 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அந்த சூட்டில்தான் எரிபொருள் சரியாக எரியும், ஆயில் சரியான பதத்தில் ஓடும்.

இந்த சூட்டைக் கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வு. அதற்குள் ஒரு வகை மெழுகு இருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருக்கும். கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். குறிப்பிட்ட சூடு வந்ததும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அப்போதுதான் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். பல தெர்மோஸ்டாட்களில் திறக்கும் வெப்பநிலை 82, 88 என்று அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

இந்த வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால், ஸ்டார்ட் செய்த நிமிடத்தில் இருந்தே கூலன்ட் ரேடியேட்டருக்கு ஓடும். இன்ஜின் சூடாகவே வாய்ப்பில்லை.

"வால்வைக் கழட்டிடலாம் சார்"

சில கார்களில் வால்வு பழுதாகியிருக்காது, வால்வே இருக்காது! ஒருமுறை கார் ஓவர் ஹீட் ஆகியிருக்கும். "நம்ம ஊரு வெயிலுக்கு இந்த வால்வே தேவையில்லை சார்" என்று சொல்லி மெக்கானிக் கழட்டிப் போட்டிருப்பார். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும், இன்ஜினுக்குத் தேவையான சூட்டில் அது பாதிகூட இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும் வேலையையும் செய்யும். அதைக் கழட்டிவிட்டால் கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிவரும். ஓவர் ஹீட்டிங்கைத் தடுக்கக் கழட்டியது, மலை ஏறும்போது ஓவர் ஹீட்டிங்கிலேயே கொண்டுபோய் விடலாம்.

சூடாகாவிட்டால் என்ன ஆகும்?

இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று ஈசியு நினைத்துக்கொள்ளும். அதனால் கூடுதலாக எரிபொருளை அனுப்பிக்கொண்டே இருக்கும். மைலேஜ் அடிவாங்குவது இதனால்தான்.

முழுதாக எரியாத எரிபொருளும், எரியும்போது உண்டாகும் நீராவியும் ஆயிலில் கலக்கும். சூடான இன்ஜினில் இவை ஆவியாகிப் போய்விடும். குளிர்ந்த இன்ஜினில் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆயில் நீர்த்துப்போனால் உள்ளே இருக்கும் பாகங்கள் சீக்கிரம் தேயும்.

பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் உண்டு. அதில் சேரும் கரியை எரித்து சுத்தம் செய்ய இன்ஜின் போதிய சூட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுத்தம் செய்யும் வேலையே தொடங்காமல் போகலாம். டிபிஎஃப் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்று வருபவர்கள் தெர்மோஸ்டாட்டையும் பார்ப்பது நல்லது.

முதல் கேள்வி: இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா, முள் பொய் சொல்கிறதா?

எதையும் கழட்டுவதற்கு முன் இதைத்தான் முடிவு செய்ய வேண்டும். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவு சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் சென்சார் தவறான வெப்பநிலையைக் காட்டலாம்.

பிறகு 20 நிமிடம் ஓட்டிவிட்டு, ஏசியை ஆஃப் செய்து, டெம்பரேச்சர் நாப்பை சிவப்புப் பக்கம் முழுதாகத் திருப்புங்கள்.

* முள் கீழேயே இருக்கிறது, ஆனால் காற்று நல்ல சூடாக வருகிறது என்றால் இன்ஜின் சரியாகவே இருக்கிறது. சென்சார், ஒயர் அல்லது மீட்டரில்தான் கோளாறு.
* முள்ளும் கீழே, காற்றும் வெதுவெதுப்பு என்றால் இன்ஜின் நிஜமாகவே சூடாகவில்லை.

முள்ளே இல்லாத கார்களும் உண்டு. அவற்றில் சிலவற்றில் நீல நிற விளக்கு இருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எரியும் அந்த விளக்கு, கொஞ்ச தூரம் ஓட்டியதும் அணைந்துவிட வேண்டும். அணையாமல் எரிந்தாலும், ஹைவேயில் மறுபடி எரிந்தாலும் சந்தேகப்படலாம்.

ஸ்கேனர் இருந்தால் வேலை சுலபம்

காரின் ஓபிடி போர்ட்டில் செருகும் சின்ன ஸ்கேனர் மூலம் கூலன்ட் வெப்பநிலையை மொபைலிலேயே பார்க்கலாம். ராத்திரி முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யும் முன் அது வெளி வெப்பநிலையை ஒட்டியே இருக்க வேண்டும். மைனஸ் 40 என்று காட்டினால் சென்சார் இணைப்பு அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஹைவேயில் வேகமாகப் போகும்போது வெப்பநிலை இறங்கி, சிக்னலில் நின்றால் ஏறுகிறதா? தெர்மோஸ்டாட் திறந்தே இருப்பதற்கு இதுதான் தெளிவான அடையாளம். ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றால் அந்தக் காற்று இல்லை. இதே கோளாறுக்கு பி0128 என்ற எரர் கோடும் வரலாம்.

ஹோஸைத் தொட்டுப் பார்க்கும் சோதனை

கார் ஆறியிருக்கும்போது, திறந்த வெளியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் ஹோஸ் சில நிமிடங்கள் குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு திடீரென சூடேறும். ஆரம்பத்தில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால் வால்வு மூடவில்லை. சில மாடல்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அவற்றில் கீழ் ஹோஸைப் பார்க்க வேண்டும்.

ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக்கூடாது. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

இதே நேரத்தில் ஃபேனையும் கவனியுங்கள். ஏசி ஆஃபில் இருக்கும்போதும், ஸ்டார்ட் செய்த உடனே ஃபேன் சுற்றினால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது சென்சார் கோளாறால் ஈசியு பாதுகாப்புக்காக ஃபேனை ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

வெந்நீர் சோதனை

தெர்மோஸ்டாட்டைக் கழட்டிய பிறகு உறுதி செய்வது சுலபம். சாதாரண சூட்டில் வால்வில் இடைவெளி தெரிந்தாலே அது போய்விட்டது என்று அர்த்தம். மூடியிருந்தால், ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு சூடாக்குங்கள். பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறக்க வேண்டும், ஆறியதும் மூட வேண்டும். ரொம்ப முன்னதாகவே திறந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

எப்போது கவலைப்பட வேண்டாம்?

ஊட்டியில் இருந்து மேட்டுப்பாளையத்துக்கு கியரில் இறங்கி வரும்போது முள் கொஞ்சம் இறங்கினால் பயப்பட வேண்டாம். இறக்கத்தில் இன்ஜின் எரிபொருளை எரிப்பதே குறைவு. சமவெளிக்கு வந்து ஓட்டியதும் முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டால் போதும். டீசல் கார்கள் பெட்ரோல் கார்களைவிட மெதுவாக சூடாவதும் இயல்புதான்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும்?

"தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கா, இல்லையா?" என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் மாடலுக்குக் கம்பெனி சொல்லியிருக்கும் அதே டிகிரி தெர்மோஸ்டாட்டைப் போடச் சொல்லுங்கள். கேஸ்கெட்டையும் புதிதாக மாற்றி, சரியான கூலன்ட் ஊற்றி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். முன்பு ஓவர் ஹீட் ஆனதால்தான் வால்வைக் கழட்டினார்கள் என்றால், அந்தப் பழைய கோளாறு இன்னும் அப்படியே இருக்கலாம். ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், ஃபேன் மூன்றையும் பார்த்த பிறகே வண்டியை வெளியே எடுங்கள்.