எஞ்சின் விளக்கை அழிக்க என்ன அவசரம்?

கல்முனைப் பக்கம் ரீகண்டிஷன் கார் வைத்திருப்பவர்களுக்கு, டாஷ்போர்டில் மஞ்சளாக எரியும் அந்தச் சின்ன எஞ்சின் படம் புதிதல்ல. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஏ-4 வீதியோரக் கராஜ்களில் அதற்கான வைத்தியமும் பழகிப்போன ஒன்றுதான். “காக்கா, இந்த லைட்ட மட்டும் நூத்து உடுங்க” என்பார் வண்டிக்காரர். ஸ்கேனரைச் செருகுவார்கள், ஒரு பட்டனை அமத்துவார்கள், விளக்கு போய்விடும். சில நாளில் திரும்பி வரும்போது அது புதுப் பிழையா பழைய பிழையா என்று இருவருக்கும் தெரியாது. குறியீட்டை வாசிப்பது, அழிப்பது என்ற இரண்டு வேலைகளை ஒரே வேலையாக நினைத்துக்கொண்டதால் வந்த வினை இது. வாசிப்பதை ஒவ்வொரு கார்க்காரரும் வீட்டிலேயே செய்யலாம், செய்யவும் வேண்டும். அழிப்பதோ பெரும்பாலான நேரங்களில் யாருமே செய்யத் தேவையில்லாதது; அவசரப்பட்டுச் செய்தால் நட்டம் தருவது.

அந்த விளக்கு எதற்காக வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். புகைமூட்டத்தால் திணறிய கலிபோர்னியாதான், காரின் கணினி தன் புகைக் குறையைத் தானே கண்டுபிடித்து ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும் என்று முதலில் விதி போட்டது. 1996 மொடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவமான 16 முனைச் சொக்கெட்டும் பொதுவான குறியீட்டு முறையும் கட்டாயமாயின. ஓபிடி-2 என்று நாம் கேள்விப்படுவது அதைத்தான். ஐரோப்பா பெற்றோல் கார்களுக்கு 2001இல் இதைக் கொண்டுவந்தது. இந்தியா 2013இல் கொண்டுவந்தது. அனுமதித்த அளவைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு புகை போகக்கூடிய கோளாறு என்றால் விளக்கு எரிய வேண்டும் என்பதே அமெரிக்க விதியின் அடிப்படை. அதனால்தான் வண்டி நன்றாக இழுத்துக்கொண்டு ஓடும்போதே விளக்கு எரிகிறது. “ஓட்டத்தில் ஒரு குறையுமில்லையே” என்பவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்க்கும் குறை வேறு, கணினி பார்க்கும் குறை வேறு.

நம் வீதிகளில் ஓடும் விட்ஸ், அக்குவா, வெகன் ஆர், ஃபிட் போன்றவற்றில் பெரும்பகுதி ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்டவை. இந்தப் பொது முறை அங்கே கட்டாயமானது 2008க்குப் பிறகுதான். அதற்கு முந்திய ஜப்பான் கார்கள் பலவற்றில் சொக்கெட் அதே வடிவில் இருக்கும், பேசும் பாஷை வேறாக இருக்கும். மலிவு ஸ்கேனர் கருவியைச் செருகினால் தொடர்பே கிடைக்காது. கருவியிலும் பழுதில்லை, காரிலும் பழுதில்லை. இன்னும் பழைய டொயோட்டாக்களில் எஞ்சின் அறையிலுள்ள பெட்டியில் இரண்டு முனைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்து, விளக்கு எத்தனை முறை மினுங்குகிறது என்று எண்ணியே குறியீட்டைப் படிப்பார்கள். மூத்த மெக்கானிக்குகள் கருவியே இல்லாமல் குறியீடு சொன்ன ரகசியம் அதுதான்.

புதிய கார்களில் வேலை மிகச் சுலபம். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் சொக்கெட் இருக்கும். ஈஎல்எம் 327 என்ற பெயரில் வரும் புளூடூத் கருவி சில ஆயிரம் ரூபாய்தான்; கைபேசியில் ஒரு செயலி போதும். கருவியைச் செருகி, சாவியை ஓன் நிலைக்குத் திருப்பி, செயலியைத் திறந்தால் ஓர் எழுத்தும், பெரும்பாலும் நான்கு இலக்கங்களும் வரும். முதல் எழுத்து ‘பி’ என்றால் எஞ்சினும் கியரும் சார்ந்தது. அடுத்து வருவது பூச்சியமா ஒன்றா என்பது முக்கியம்: பூச்சியம் எல்லாக் கம்பனிக்கும் பொதுவான குறியீடு, ஒன்று அந்தக் கம்பனிக்கே உரியது. அதனால் பி1 என்று தொடங்கும் குறியீட்டுக்கு, வேறு கம்பனிக் காருக்கு இணையத்தில் எழுதிய விளக்கத்தைப் பார்த்துச் சாமான் வாங்கக் கூடாது. அடுத்த இலக்கம் எந்தப் பகுதி என்று காட்டும்: 3 என்றால் பற்றவைப்பு, 4 என்றால் புகைக் கட்டுப்பாடு, 7 என்றால் கியர். இவற்றோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பதிவும் இருக்கும். பிழை விழுந்த அந்தக் கணத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சின் எவ்வளவு சூடு, எவ்வளவு சுமை என்றெல்லாம் கணினி குறித்துவைத்த சாட்சியம் அது. கண்டி போகும் வழியில், மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவு ஏறும்போது விழுந்த பிழையையும், காலையில் வீட்டு வாசலில் குளிர்ந்த எஞ்சினில் விழுந்த பிழையையும் பிரித்துக் காட்டுவது இந்தப் பதிவுதான். அழிக்கும் பட்டனை அமத்தியதும் முதலில் போவதும் இதுவே.

குறியீடு என்பது பொலிஸில் போட்ட முறைப்பாடு மாதிரி. அதைத் தீர்ப்பென்று எடுத்துக்கொண்டால் காசு கரையும். பி0171 என்ற குறியீட்டைப் பாருங்கள். எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. பலர் உடனே ஒட்சிசன் சென்சரை மாற்றுவார்கள். சென்சரோ உள்ளதைச் சொன்ன சாட்சி. காற்றுக் குழாயில் வெடிப்பா, காற்றளவு சென்சரில் அழுக்கா, பெற்றோல் பம்ப் சோர்ந்துவிட்டதா என்று பிரிக்க அதே செயலியில் வழி இருக்கிறது. ஃபியூவல் ட்ரிம் என்ற எண், கணினி பெற்றோலை எத்தனை வீதம் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறது என்று காட்டும். பத்து வீதத்துக்குள் நின்றால் பொதுவாகப் பயமில்லை. இருபதைத் தாண்டும்போதுதான் முறைப்பாடு வருகிறது. வண்டி நின்றபடி இயங்கும்போது இந்த எண் உயர்ந்து, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ காற்றுக் கசிவு என்று சந்தேகிக்கலாம். நிற்கும்போது சரியாக இருந்து, இழுக்கும்போது உயர்ந்தால் பெற்றோல் வரத்தையோ காற்றளவு சென்சரையோ பார்க்க வேண்டும். ஒரு ரப்பர் குழாயோடு முடிகிற செலவையும் சென்சர் விலையையும் பிரிப்பது இந்த ஐந்து நிமிடச் சோதனைதான்.

கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு கீற்றாகக் கிடக்கும் நம் ஊர்களுக்கு இது இன்னும் பொருந்தும். உப்புக் காற்று, பொடிக்கு இறுக்கிய எர்த் வயர்களையும் பிளக்குகளின் பித்தளை முனைகளையும் தின்கிறது. பச்சை பூத்த ஒரு முனை, நல்ல சென்சரையும் கெட்டதாகக் காட்டும். வயலோர வீடுகளில் எலி வயர் கடிக்கிறது. மழைக்காலத்தில் மாவடிப்பள்ளி வீதியில் நீர் ஏறும் நாட்களில் அதற்குள்ளால் வண்டி விட்டவர்களுக்குச் சில நாள் கழித்து வரும் குறியீடுகள் தனி ரகம். சென்சரின் பெயரைச் சொல்லும் குறியீடு வந்தால் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது அதன் பிளக்கை. சாமான் கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

சரி, பழுதைத் திருத்தியாயிற்று; இப்போதாவது அழிக்க வேண்டாமா? அநேகமாகத் தேவையில்லை. பிழை இல்லாத ஓட்டங்கள் தொடர்ந்து மூன்று கண்டதும் கணினி விளக்கைத் தானே அணைக்கும். எஞ்சின் நாற்பது முறை சூடாகி ஆறியும் பிழை திரும்பாவிட்டால் குறியீட்டையும் தானே நீக்கிவிடும். ஓபிடி-2 விதியிலேயே எழுதப்பட்ட ஒழுங்கு இது. திருத்த வேலை சரியா என்பதற்கு இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. திருத்தியபின் உடனே தெரிந்தாக வேண்டும் என்று மெக்கானிக் அழித்துப் பார்ப்பதில் குற்றமில்லை, குறியீட்டையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் முதலில் படமெடுத்து வைத்திருந்தால். பற்றரி முனையைக் கழற்றிப் போடும் பழைய வித்தை மட்டும் வேண்டவே வேண்டாம். குறியீட்டோடு கணினி கற்றுவைத்த பெற்றோல் அளவும் ஐட்லிங் அளவும் சேர்ந்து போய், சில கார்கள் சில நாளுக்கு நடுங்கிக்கொண்டு நிற்கும்.

விளக்கு நிலையாக எரியாமல் மினுங்கினால் இந்தப் பொறுமை எதுவும் செல்லாது. சிலிண்டரில் பற்றாத பெற்றோல் கற்றலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று அர்த்தம். பிளாட்டினம், பல்லேடியம் பூசிய அந்தப் பாகம் சூட்டில் உருகிவிடும். மினுங்கினால் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்ட வேண்டியதுதான்.

மெக்கானிக்குக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கராஜிலுள்ள விலைகூடிய ஸ்கேனர் பிரேக்கையும் எயார்பேக்கையும் வாசிக்கும். மலிவுக் கருவிகளில் பல எஞ்சினோடு நின்றுவிடும். அனுபவத்துக்குக் கைபேசி ஈடாகாது. ஆனால் விளக்கு எரிந்த நேரத்தில் அந்த இடத்தில் இருப்பவர் வண்டிக்காரர்தான். கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். பாதி வழியில் விளக்கு எரிந்தால் தொடர்ந்து ஓட்டலாமா என்று முடிவெடுக்க வேண்டியவரும் அவரே. பெற்றோல் மூடி சரியாக இறுகவில்லை என்ற குறியீட்டுக்கும் எஞ்சின் கொதிக்கிறது என்ற குறியீட்டுக்கும் எரிவது ஒரே விளக்குத்தான்.

மலிவுக் கருவி காரைக் கெடுக்கும் என்ற பயத்திலும் ஓரளவு உண்மை உண்டு. அந்தச் சொக்கெட்டில் சாவி எடுத்தபின்னும் மின்சாரம் இருக்கும். நாட்கணக்கில் செருகி விட்டால் 12 வோல்ட் பற்றரி இறங்கும். பல கருவிகளின் புளூடூத் கடவுச்சொல் 1234. வாசித்ததும் கழற்றி வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. எயார்பேக் பக்கம் வீட்டில் கை வைக்கவே கூடாது. ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற வயர்களும் அப்படித்தான்: அக்குவாவின் பெரிய பற்றரி ஏறத்தாழ 144 வோல்ட், பிரியஸில் 200ஐத் தாண்டும்.

அழிப்பதன் மிக மோசமான பயன்பாடு விற்பனையில்தான் இருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட சந்தையில், பெரிய பற்றரி சோர்ந்துவிட்டது என்று சொல்லும் பி0ஏ80 குறியீட்டைக் காலையில் அழித்து மாலையில் காரைக் காட்டலாம். ஓரிரு நாளுக்கு விளக்கு வராது. நமது வருடாந்தப் புகைப் பரிசோதனையும் இதைப் பிடிக்காது. அது பார்ப்பது சைலன்சரில் வரும் புகையை.

அழித்தவர் ஒன்றை மறந்துவிடுகிறார்: அழித்ததும் கணினியில் பதிவாகும். கற்றலிட்டி, ஒட்சிசன் சென்சர் போன்றவற்றைக் கணினி சுயமாகச் சோதிக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அழித்தவுடன் அவற்றில் பல ‘முடியவில்லை’ என்ற நிலைக்குத் திரும்பும். மீண்டும் முடிவதற்குப் பல நாள் ஓட்டம் வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இந்தப் பட்டியல் முடியாத காரைப் புகைப் பரிசோதனையிலிருந்தே திருப்பி அனுப்புகிறார்கள். குறியீடு அழித்தபின் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்ற எண்ணையும் பல கார்கள் தரும். வருடக்கணக்காக ஓடிய கார் அந்த இடத்தில் 12 கிலோமீற்றர் என்று காட்டினால், 12 வோல்ட் பற்றரியை மாற்றினோம் என்றொரு விளக்கம் வரலாம். உண்மையாகவும் இருக்கலாம். பற்றரி வாங்கிய பில்லைக் கேளுங்கள். இல்லையென்றால் சில நாள் ஓடவிட்டு மறுபடி வாசிக்கச் சம்மதம் கேளுங்கள். மறுக்கும் விற்பனையாளரிடம் அந்தக் காரை வாங்க வேண்டாம்.

கராஜ்காரர்களிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. ஸ்கேன் பண்ணிய கூலியைப் பில்லில் எழுதும்போது, வந்த குறியீட்டையும் அழித்த திகதியையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள். அடுத்த தடவை விளக்கு எரிந்தால் அந்தத் துண்டோடுதான் வண்டிக்காரர் வர வேண்டும்.