மோட்டார் வண்டியின் வெப்பநிலைநிறுத்தி: வீட்டில் மாற்றும் முறை

"எங்கட வெயிலுக்கு இந்தச் சாமான் என்னத்துக்கு? கழற்றி எறிஞ்சுபோட்டு ஓடுங்கோ" என்று மெக்கானிக் ஒருவர் எமக்கு ஒரு காலத்திற் புத்திமதி கூறினார். யாழ்ப்பாணத்திற் பழைய வண்டி வைத்திருப்போருள் இம்மொழியைக் கேளாதார் சிலரே. நாமும் அதனை நம்பி, 1961-ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்றினை ஏறக்குறைய ஈராண்டு வெப்பநிலைநிறுத்தி இன்றியே ஓட்டினோம். அந்நம்பிக்கை எத்துணைப் பிழையானது என்பதனையும், புதியதொன்றை எமது வண்டிக்கொட்டிலிலேயே பூட்டிய விதத்தையும் ஈண்டுக் கூறப்புகுகின்றோம்.

கராச்சுகளில் 'தேமோஸ்ரற்' என வழங்கும் இவ்வுறுப்பு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைத் தட்டு. அதன் நடுவே ஒரு வால்வு, ஒரு சுருள்வில், கீழே சிறியதொரு குமிழ். அக்குமிழினுள்ளே மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். நாம் மாணவராய் இருந்த காலத்திற் பௌதிக ஆய்வுகூடத்திலே மெழுகை உருக்கி ஆறவிட்டபோது நடுவிற் குழி விழுந்ததைக் கண்டிருக்கின்றோம். உறையும்போது மெழுகு சுருங்குகின்றது என்பதே அதன் கருத்து. உருகும்போது கனவளவிற் பத்தில் ஒரு பங்களவு பெருக்கின்றது. உறுதியான குமிழினுள் அடைபட்ட மெழுகு அவ்வாறு பெருக்குங்கால் ஒரு சிறு தண்டினைத் தள்ளுகின்றது. தண்டு வில்லை எதிர்த்து வால்வைத் திறக்கின்றது. மின்சாரமும் வேண்டா, மனிதன் கையும் வேண்டா. இம்மெழுகு முறை 1930-களில் அமெரிக்காவிலே தோன்றியது. முன்னைய வண்டிகளில் விரைவில் ஆவியாகும் திரவம் நிரம்பிய துருத்தி இவ்வேலையைச் செய்தது.

இனி, அது வேண்டுவது ஏன்? எரியும் வாயுவின் வெப்பநிலை 2,000 பாகை செல்சியசுக்கு மேற்படுவது. பெற்றோல் தரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எஞ்சினைச் சுற்றியோடும் நீருக்கே செல்கின்றது. அதனை வெளியேற்ற றேடியேற்றர் உளது. ஆயின், செங்குத்தான மலைப்பாதையில் முழுச்சுமையுடன் ஏறும் வண்டியையும் குளிர்விக்கத்தக்க அளவில் அமைந்த அந்த றேடியேற்றர், யாழ்ப்பாணத்துச் சமநிலத்திலே மணிக்கு முப்பது மைல் ஓடும் வண்டிக்கு மிகையாகும். எமது ஊர் வெயில் 30 பாகை, மிஞ்சினால் 35. எஞ்சின் நீருக்கு வேண்டியதோ 80 பாகைக்கு மேல். ஊர்ச் சூடு எஞ்சினுக்கு ஒரு சூடே அன்று. நீர் அந்நிலையை அடையும்வரை றேடியேற்றருக்குச் செல்லாது தடுத்து, அடைந்தபின் வேண்டுமளவே திறந்துவிடுவது வெப்பநிலைநிறுத்தியின் தொழில். வால்வு மூடியிருக்கும் வேளையில், மைனரின் எஞ்சினில், நீர் ஒரு சிறிய பக்கக் குழாய் வழியே பம்பிக்குத் திரும்பி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அதனைக் கழற்றிவிட்டால் எஞ்சின் குளிர்ந்தே ஓடும். குளிர்ந்த உருளையிலே பெற்றோல் முற்றும் ஆவியாகாது. எஞ்சியது சுவர்வழியே வழிந்து எண்ணெயுடன் கலக்கும். எமது வண்டியில் நிகழ்ந்தது இதுவே. எண்ணெய் அளக்கும் கம்பியை முகர்ந்தபோது பெற்றோல் நாற்றம் வீசிற்று. மூடியின் அடியில் நீரும் எண்ணெயும் கலந்த வெண்களி படிந்திருந்தது. எண்ணெய் மெலியவே உருளைச் சுவர் தேயும். 2022-ஆம் ஆண்டிலே பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்று, பங்கீட்டிற் பெற்ற சில லீற்றரை இவ்வாறு வீணாக்கினோம் என எண்ணும்போது இன்றும் மனம் பொறுக்கவில்லை.

1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தை அறிந்த பழைய மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒஸ்ரின் ஏ 40 முதலிய வண்டிகள் சில துளி பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடிய நாட்கள் அவை. பெற்றோலினும் அரிதில் ஆவியாகும் மண்ணெண்ணெய்க்கு எஞ்சினின் சூடு எவ்வளவு இன்றியமையாதது என்பதனை அன்று சாரதிகள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

வெப்பநிலைநிறுத்தி திறந்தபடி இறுகினால் மேற்சொன்ன கேடு மெல்ல வரும். மூடியபடி இறுகினால் சில மைல்களிலேயே நீர் கொதித்து, எஞ்சின் தலைப்பகுதி வளைந்துபோகவும் கூடும். மைனரில் வெப்பமானி இல்லாமையால் கையே கருவி. எஞ்சின் கொதிக்க, றேடியேற்றரின் மேற்குழாய் குளிர்ந்திருப்பின் வால்வு திறக்கவில்லை என்க. புறப்பட்டதும் குழாய் சிறிது சிறிதாக வெதுவெதுப்பாகிவரின் வால்வு மூடவில்லை.

இனி வேலைக்கு வருவோம். எஞ்சின் இரவு முழுவதும் ஆறியிருத்தல் வேண்டும். சூடான றேடியேற்றரின் மூடியைத் திறவாதீர். மூடி காக்கும் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் ஏற, கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரைப் பாகை உயரும். ஆதலால் 100 பாகைக்கு மேலும் கொதியாது நின்ற நீர், மூடி திறந்த கணத்திலே கொதித்து முகத்தில் அடிக்கும்.

கீழ்க் குழாயைத் திறந்து, நீர்மட்டம் எஞ்சின் தலைக்குக் கீழே இறங்கும்வரை ஒரு தாச்சியில் ஏந்துக. நீரிற் கூலன்ற் கலந்திருப்பின் அதனை முற்றத்தில் ஊற்றலாகாது. இனிப்புச் சுவையுடைய நஞ்சு அது. நாயும் பூனையும் நக்கி இறந்துபடும்.

எஞ்சின் தலையின் முன்புறத்திலே மேற்குழாய் வந்து சேரும் அலுமினிய மூடியின் கீழேயே வெப்பநிலைநிறுத்தி அமர்ந்திருக்கும். மூடியை மூன்று உருக்கு முளைகளில் மூன்று நட்டுகள் பிடித்திருக்கும். அரை அங்குல ஸ்பனர் போதும். வேலை முழுவதிலும் இடர் மிக்க இடம் இதுவே. அலுமினியமும் உருக்கும் நீரும் கூடிய இடத்திலே அரிப்பு உண்டாகி, மூடி முளைகளை இறுகப் பற்றிக்கொள்ளும். முதல் நாளே துருநீக்கும் எண்ணெய் விட்டு, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி, மறுநாள் நட்டைச் சிறிது முன்னும் பின்னும் அசைத்தே கழற்றல் வேண்டும். நாம் அவசரப்பட்டு முழுப் பலத்துடன் திருப்பினோம், முளையொன்று முறிந்தது. அரை மணித்தியால வேலை, கடைசற் பட்டறைக்கு அலைந்து நான்கு நாள் வேலையாயிற்று. மூடி எழவில்லையென்று திருப்புளியைச் செருகி நெம்புவதும் தவறு. அலுமினிய முகம் கீறுப்பட்டால் எந்தக் காஸ்கற்றும் ஒழுக்கை நிறுத்தாது.

புதியதைப் பூட்டுமுன் சோதித்தல் நன்று. வால்வின் விளிம்பில் ஒரு நூலைக் கவ்வவிட்டு, அந்நூலாலேயே அதனை நீர் நிரம்பிய சட்டியிலே, அடியிற் படாமல் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துச் சூடேற்றுக. வால்வு திறந்த கணத்தில் நூல் நழுவி அது விழும். தட்டிற் பொறித்த எண்ணும் வெப்பமானி காட்டுவதும் ஏறக்குறைய ஒத்திருத்தல் வேண்டும். இவ்வெஞ்சினுக்கு 74, 82, 88 பாகை வகைகள் உண்டு. எமது நாட்டுக்கு 82 பொருந்தும், 74-ம் தவறன்று. 88 குளிர்நாட்டாருக்கு உரியது.

பழைய காஸ்கற்றைச் சுரண்டுங்கால் துகள் உள்ளே விழாவண்ணம் துவாரத்திற் சீலையைத் திணித்துக்கொள்க. பின்னர் அதனை எடுக்க மறவாதீர். மெழுகுக் குமிழ் எஞ்சினை நோக்கிக் கீழே இருத்தல் வேண்டும். தலைகீழாக வைப்பின் சூடான நீர் குமிழை உரிய வேளையிற் தொடாது, வால்வும் திறவாது. புதிய காஸ்கற்றில் மெல்லிதாகக் கிறீஸ் பூசி, மூன்று நட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்குக.

நீர் பற்றியும் ஒரு சொல். எமது குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புப் பாறையினின்று ஊறுவது. கேத்திலின் அடியைப் பார்த்தவர்க்கு றேடியேற்றரின் உள்ளே நிகழ்வது விளங்கும். ஆதலால் மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீரை உரிய கூலன்றுடன் சேர்த்து, காற்று வெளியேறும்படி மெல்ல ஊற்றுக. மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, மேற்குழாயிற் கை வைத்திருங்கள். பல நிமிடம் குளிர்ந்தே கிடந்து, பின்னர் திடீரெனச் சுடுமாயின் வால்வு செம்மையாகத் திறந்தது என்க. அப்போது மட்டம் இறங்கினால் நீர் சேர்த்து மூடுக.

ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் இவ்வுறுப்பு கீழ்க்குழாயின் பக்கத்தே இருக்கும். தட்டிலுள்ள சிறு ஆடும் ஊசி மேற்புறம் இருக்குமாறு வைத்தல் அவற்றில் முக்கியம். காற்று அவ்வழியாகவே வெளியேறும். மின்விசிறியுள்ள வண்டியாயின் பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட்டே கை வைக்க. சில வண்டிகளில் எஞ்சின் நின்றபின்னும் விசிறி தானே சுழலும்.

மறுநாட் காலை, எஞ்சின் ஆறியிருக்கையில், நீர்மட்டத்தையும் மூடியின் விளிம்பில் ஒழுக்கு உளதோ என்பதனையும் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்க.